ஏலப் பணம் ஒன்றரை லட்சம்: மிஷனெரி ஊழியத்துக்கு எப்படிக் கொடுப்பது?

கேள்வி: எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் 180 குடும்பங்கள். இந்த வருஷம் ஸ்தோத்திரப் பண்டிகையில் காணிக்கையாக வந்த பொருள்களை ஏலம் விட்டதில் செலவு போக ஒன்றரை லட்சம் மிச்சம். அதை மிஷனெரி ஊழியத்துக்குக் கொடுப்பது என்று கமிட்டியில் முடிவாகிவிட்டது. எப்படிக் கொடுப்பது என்பதில்தான் மூன்று கட்சி. வட இந்தியாவில் ஒரு மிஷனெரியைத் தாங்கலாம் என்கிறார்கள் சிலர். முதலில் நம் ஊரைப் பாருங்கள் என்கிறார்கள் சிலர். ஆப்பிரிக்காவில் இருந்து ஒரு போதகர் வாட்ஸ்ஆப்பில் உதவி கேட்கிறார், அவருக்கு அனுப்பலாம் என்கிறார் ஒருவர். சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் சபைப் பிள்ளைகளும் பணம் தரத் தயார். எதைச் செய்வது?
– சபைச் செயலாளர், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: முதலில், அந்த ஒன்றரை லட்சத்தை இந்த மாதமே யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள்.

ஏலம் எப்படிப் போகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியூரில் இருந்து வந்த இரண்டு பேருக்குள் போட்டி வந்தால் ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரம் ரூபாய்க்குப் போகும். அவர்கள் வராத வருஷம் சேவல்கூட விலை போகாது. மிஷனெரி வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அப்படி ஏறி இறங்குவதில்லை, மாதாமாதம் வந்து நிற்கும். ஒரு வருஷம் முழுசாகத் தாங்கிவிட்டு அடுத்த வருஷம் கையை விரிக்கிற சபையைவிட, பத்து வருஷம் பாதித் தொகை கொடுக்கிற சபைதான் மிஷனெரிகளை அனுப்பும் சங்கங்களுக்கு உதவி. அதனால் மாதக் காணிக்கையை அடிப்படையாக வையுங்கள். குடும்பத்துக்கு 100 ரூபாய் என்றால் 180 குடும்பத்துக்கு மாதம் 18,000, வருஷத்துக்கு 2,16,000. எல்லாரும் கொடுக்க மாட்டார்கள், அது தெரிந்ததுதான். குறைகிற மாதத்தில் ஈடுகட்டத்தான் ஏலப் பணம். ஒருவருமே கொடுக்காவிட்டாலும் அந்த இருப்பு எட்டு மாதத்துக்குத் தாங்கும்.

இது நம் பக்கத்துக்குப் புதிய வழியும் இல்லை. சோறு வடிக்கும்போது ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் எடுத்து வைத்து, அதைச் சேர்த்துக் கோயிலுக்குக் கொடுத்த பெண்கள் உங்கள் சபையிலும் இருந்திருப்பார்கள். மிசோரத்தில் இன்றைக்கும் கைப்பிடி அரிசி எடுத்துச் சபைகள் பெரிய அளவில் ஊழியர்களைத் தாங்குகின்றன. 1902இல் யாழ்ப்பாணம் போன, வெள்ளாளன்விளையில் பிறந்த ஊழியர் அசரியா, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் கடல் தாண்டி நம் கரைக்கு ஊழியர்களை அனுப்புவதைப் பார்த்தார். திருநெல்வேலிச் சபைகள் ஏன் அப்படிச் செய்யக்கூடாது என்ற கேள்வியோடு திரும்பினார். மறு வருஷமே, 1903இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. நிஜாம் சமஸ்தானத்தில் தோர்ணக்கல் பகுதிதான் முதல் பணித்தளம். தெலுங்கு தேசம், தெரியாத பாஷை, அன்றைய கணக்கில் அதுவும் வெளிதேசம் மாதிரிதான். பின்னால் 1912இல் அசரியாவே அங்கே பேராயர் ஆனார். வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்த்து அந்தச் சங்கம் தொடங்கப்படவில்லை என்பதை உங்கள் கமிட்டியில் ஒரு தடவை ஞாபகப்படுத்துங்கள்.

சரி, இன்றைக்கு எந்தச் சங்கத்தின் வழியாகக் கொடுப்பது? ஐ.எம்.எஸ். என்கிற அதே இந்திய மிஷனெரி சங்கம் இருக்கிறது, நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு இருக்கிறது, இன்னும் பல இருக்கின்றன. எதுவானாலும் பணத்தை மிஷனெரியின் சொந்த வங்கிக் கணக்குக்கு நேரே போடாதீர்கள். நன்றாகப் பாடுகிற, படம் காட்டிப் பேசத் தெரிந்த மிஷனெரிக்கு ஐந்து சபைகள் அனுப்பும். அதே மாவட்டத்தில் பேச்சு வராத இன்னொருவர் வீட்டில் அடுப்பு எரியாது. நல்ல சங்கங்கள் யார் யாரைத் தாங்கினாலும் எல்லாருக்கும் ஒரே விதியில் மாதப் பணம் கொடுப்பது இதற்காகத்தான். தணிக்கை செய்த கணக்கைக் கேளுங்கள். கூசாமல் கேளுங்கள், கொடுக்கத் தயங்குகிற இடத்துக்குப் போக வேண்டாம். அப்புறம், நீங்கள் கொடுக்கும் தொகையில் என்னென்ன அடங்கும் என்று விசாரியுங்கள்: மருத்துவம், வருங்கால வைப்பு நிதி, மொழி கற்கும் காலத்துச் செலவு, பிள்ளைகள் படிப்பு. கடைசியில் சொன்னதுதான் பல குடும்பங்களைப் பாதியில் ஊருக்குத் திருப்பி அனுப்புகிறது. பணித்தளத்தில் நல்ல பள்ளி இருக்காது, பிள்ளையை விடுதியில் விட வேண்டும், அந்தப் பிள்ளை சனி ஞாயிறுக்கு எங்கே போகும்? உங்கள் பக்கத்து ஊர் விடுதியில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுவதும் மிஷனெரியைத் தாங்குவதுதான்.

அடுத்தது, சபைகள் யோசிக்காமல் செய்கிற ஒன்று. மிஷனெரி அனுப்பும் ஜெபக்குறிப்பையும் போட்டோவையும் சபை வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிடுவார்கள். கிராமத்தின் பெயர், கூட்டம் நடந்த வீடு, வந்தவர்களின் முகம் எல்லாம் அதில் இருக்கும். அரை மணி நேரத்தில் அது எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. ஒடிசாவில் 1967 முதல், மத்தியப் பிரதேசத்தில் 1968 முதல் மதமாற்றத்தை ஒழுங்குபடுத்தும் சட்டம் இருக்கிறது. உத்தரப் பிரதேசம் 2021இல் கடுமையான சட்டம் போட்டு, 2024இல் அதை இன்னும் இறுக்கியது. நம் மாநிலத்தில் 2002இல் வந்த சட்டம் 2004இல் திரும்பப் பெறப்பட்டதால், அங்கே இருக்கும் நிலைமை நமக்குச் சட்டென்று உறைப்பதில்லை. மதத்தைப் பரப்பும் உரிமையை அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு தருகிறது. ஆனால் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று உச்ச நீதிமன்றம் 1977இல் சொல்லிவிட்டது. உங்கள் கமிட்டியில் யாராவது "இந்த வருஷம் எத்தனை ஞானஸ்நானம்?" என்று கேட்டால், அந்தக் கேள்வியை அங்கேயே நிறுத்துங்கள். எண்ணிக்கை கேட்கும் சபை, மிஷனெரியைப் பொய் சொல்லவோ அவசரப்படவோ வைக்கும்.

வேன் பிடித்துப் பணித்தளம் பார்க்கப் போகும் ஆசையும் வரும். போகலாம், நான்கு பேர், மிஷனெரி வரச் சொன்ன நேரத்தில். நாற்பது பேர் சேலையும் போர்வையும் மூட்டை கட்டிக்கொண்டு போய், ஜெபம் முடிந்ததும் வரிசையில் நிற்க வைத்துக் கொடுத்தால், பல மாநிலச் சட்டங்களில் 'ஆசை காட்டி மதம் மாற்றுவது' என்ற குற்றச்சாட்டுக்கு அதுவே போதும். நீங்கள் ரயிலேறி வந்துவிடுவீர்கள், காவல் நிலையத்துக்குப் போகிறவர் அந்த மிஷனெரி. பரிசுப் பொருளைக் காட்டி விசுவாசம் பேசுவது சட்டம் இல்லாத ஊரிலும் சரியில்லை என்பது என் கருத்து.

நம் ஊரைப் பாருங்கள் என்று சொன்னவர்களும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் ஊர் ஊழியம் என்றால் தெருமுனையில் மைக் கட்டுவது மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம். செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் ஓட்டல் சமையலறையிலும் இப்போது ஜார்க்கண்ட், ஒடிசா, பீகார்ப் பிள்ளைகள்தான். அவர்களில் முண்டா, உராவ் பழங்குடிக் கிறிஸ்தவர்களும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு எங்கே போவது என்று தெரியாமல் அறையில் படுத்திருப்பார்கள். காலை ஆராதனை முடிந்த பிறகு உங்கள் கோயில் ஹாலை மதியம் இரண்டு மணி நேரம் அவர்களுக்குத் திறந்துவிட எவ்வளவு செலவாகும்? மின்விசிறி ஓடும் கரண்ட் காசும் டீயும்தான். கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் சம்பள பாக்கி, காயம், மருத்துவமனை என்று தேவை வரும். படிவம் நிரப்பிக் கொடுக்கவும் மொழிபெயர்க்கவும் ஆள் வேண்டும். ராஞ்சியிலோ சம்பல்பூரிலோ பணிசெய்து ஓய்வு பெற்று ஊரோடு இருக்கும் மிஷனெரிகள் நம் பக்கத்தில் நிறைய. இந்தி நன்றாகப் பேசுவார்கள், கூப்பிட ஆள் இல்லாமல் சும்மா இருக்கிறார்கள். இதற்கென்று மாதக் காணிக்கையில் ஐந்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் போதும்.

வாட்ஸ்ஆப் போதகருக்கு அனுப்ப வேண்டாம். அவர் உண்மையானவராகவே இருக்கலாம், ஆனால் அதை உங்களால் சரிபார்க்க முடியாது. சட்டமும் எளிதில் இடம் கொடுக்காது. வரிவிலக்கு பெற்ற அறக்கட்டளை தன் வருமானத்தை இந்தியாவுக்கு வெளியே செலவழிக்க மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். தனிநபர் வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம் என்கிற ரிசர்வ் வங்கித் திட்டம் சபைக் கணக்குக்குப் பொருந்தாது. வெளிநாட்டு ஊழியத்தில் பங்கு வேண்டும் என்றால் பணத்தைவிட ஆளுக்கு வழி பாருங்கள். தென்னிந்தியத் திருச்சபை உறுப்பாக இருக்கும் கவுன்சில் ஃபார் வேர்ல்ட் மிஷன், உறுப்புச் சபைகளுக்கிடையே நாடு விட்டு நாடு ஊழியர்களை அனுப்புகிறது. உங்கள் சபையில் டாக்டரோ ஆசிரியரோ யாருக்காவது அந்த விருப்பம் இருந்தால் உங்கள் பேராயரின் திருமண்டல அலுவலகம் மூலம் விசாரியுங்கள்.

சிங்கப்பூர்ப் பணத்தில் கவனம் தேவை. உங்கள் சபைப் பிள்ளை இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சொந்தச் சேமிப்பில் இருந்து வங்கி வழியாகக் கொடுத்தால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கி ரசீதோடு வையுங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டவர் உங்கள் தெருவில் பிறந்தவராகவே இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவு பெற்ற வேறு அமைப்பு வாங்கி உங்களுக்குத் தரவும் முடியாது, 2020 திருத்தத்தோடு அந்த வழி அடைபட்டுவிட்டது. அம்மா கணக்குக்கு அனுப்பி, அம்மா பெயரில் காணிக்கை போடுவது என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம்.

தீர்மானம் எழுதும்போது குறைந்தது மூன்று வருஷம் என்று காலம் குறிப்பிடுங்கள். கமிட்டி மாறினாலும் புதியவர்கள் நிறுத்திவிடக் கூடாது. இன்னொன்று, ஏலப் பணத்தை இருப்பாக வைக்கச் சொன்னேன் இல்லையா, அதற்கு முன் திருமண்டல ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அறக்கட்டளை வருமானத்தில் 85 சதவீதம் அந்த நிதியாண்டிலேயே செலவாக வேண்டும் என்ற விதி இருக்கிறது. உங்கள் சேகரத்தின் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளின்) கணக்கு திருமண்டலத்தின் மொத்தக் கணக்கோடு எப்படிச் சேர்கிறது என்பதைப் பார்த்து, எவ்வளவு ஒதுக்கி வைக்கலாம் என்று அவர் சொல்வார். மார்ச் வரை காத்திருக்காமல் இப்போதே கேளுங்கள்.