குழாய் போட்டாச்சு, கரண்ட் பில்லை யார் கட்டுவது?

பாலக்காடு, பொள்ளாச்சிப் பக்கத்து வாசகர்கள் அனுப்பியவற்றில், ஊர்க் கட்டமைப்பும் அதற்கான பணமும் பற்றிய கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டேன்.

வார்டு சபைக்குப் போனால் தெருவிளக்கு, சாக்கடை மூடி தாண்டிப் பேச்சே வருவதில்லை. இருபது வருடத் திட்டமெல்லாம் எங்கே போடுகிறார்கள்?
– வாசகர், சித்தூர் (ஆந்திரச் சித்தூர் அல்ல, நம் பாலக்காட்டுச் சித்தூர்)

இரண்டும் வேறு வேறு தடம். இருபது வருடக் கணக்கு மாஸ்டர் பிளானில் இருக்கும். எந்த நிலம் வீட்டுக்கு, எது கடைக்கு, எந்த ரோடு அகலப்பட வேண்டும் என்று அது சொல்லும். பணம் ஒதுக்குவது ஆண்டுத் திட்டத்தில். 1996-ல் உள்ளாட்சிகளே தங்கள் திட்டத்தைப் போடும் மக்கள் திட்டம் தொடங்கியதிலிருந்து கேரளத்தில் மாநிலத் திட்ட நிதியில் ஒரு பங்கு உள்ளாட்சிகளுக்கு வருகிறது. வார்டு சபை, பணிக்குழு, வளர்ச்சிக் கருத்தரங்கு, கவுன்சில், கடைசியில் மாவட்டத் திட்டக் குழு என்று படியேறித்தான் ஒரு வேலை அனுமதி வாங்கும்.

அடுத்த சபையில் ‘ஸ்பில் ஓவர்’ பட்டியலை வாசிக்கச் சொல்லுங்கள். போன வருடம் அனுமதி வாங்கி, மார்ச்சுக்குள் முடியாமல் இந்த வருடத்துத் தலையில் விழுந்த வேலைகள் அவை. பட்டியல் நீண்டால் புது வேலைக்குப் பணம் சுருங்கும். மிச்சத்தை வார்டு வாரியாகப் பங்கு போட்டால் ஆளுக்கொரு துண்டு ஓடை கிடைக்கும். தண்ணீர் கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நாலு வார்டுக்காரர்கள் பேசி வைத்து ஒரே ஓடையை, இரண்டு மூன்று வருடத் திட்டமாகக் கேளுங்கள்.

சென்னை மாநகராட்சி பத்திரம் விற்றுப் பணம் திரட்டுகிறது. பாலக்காடு நகராட்சி செய்தால் என்ன?
– வாசகர், பாலக்காடு

செய்யலாம். ஆனால் பத்திரமும் கடன்தான், வட்டி உண்டு. 2018-ல் அமராவதிக்காக ஆந்திரத் தலைநகர் ஆணையம் 2,000 கோடி திரட்டியது, வட்டி 10.32 விழுக்காடு. 2019-ல் கேரள அரசின் கட்டமைப்பு நிதி வாரியமான கிஃப்பி லண்டனில் விற்ற மசாலா பத்திரம் (வெளிநாட்டில் ரூபாய்க் கணக்கில் விற்கும் கடன் பத்திரம்) 2,150 கோடி, வட்டி 9.723. பெட்ரோல் செஸ்ஸும் மோட்டார் வாகன வரியில் ஒரு பங்கும் கையில் இருந்ததால்தான் கிஃப்பியால் அந்தப் பக்கம் போக முடிந்தது. ஒரு நகராட்சியிடம் அடமானமாகக் காட்ட என்ன இருக்கிறது? வீட்டு வரி, கடை வாடகை. சிறிய ஊர் தனியாகப் போனால் சந்தை திரும்பிப் பார்க்காது. 2002-ல் தமிழ்நாட்டுச் சிறு நகராட்சிகள் பல ஒன்றுசேர்ந்து, குடிநீர், சுகாதாரத்துக்கான கூட்டு நிதியம் வழியாக 30.41 கோடி திரட்டின. அப்படிக் கூட்டாகப் போவதுதான் நம் மாதிரி ஊர்களுக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. பாலக்காடு 2015 முதலே அம்ருத் நகரம், அதாவது நகரங்களின் குடிநீர், சாக்கடை வேலைக்கு மத்திய அரசு பணம் தரும் திட்டத்தில் உள்ள ஊர். அந்த மாதிரித் திட்டங்கள் கட்டுவதற்குப் பணம் தரும். கட்டிய பிறகு பம்ப் ஹவுஸ் கரண்ட் பில், ஆபரேட்டர் சம்பளம், எரிந்துபோன மோட்டாருக்கு ரீவைண்டிங் எல்லாம் உள்ளூர்ப் பணம். திட்டம் எத்தனை கோடி என்று பேப்பரில் வருகிறது. அதை ஓட்ட வருடத்துக்குச் செலவு எவ்வளவு, அது எந்தக் கணக்கிலிருந்து என்று கவுன்சிலரைக் கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வந்தால் உங்கள் ஊர் கொடுத்துவைத்த ஊர்.

பாதாளச் சாக்கடை இணைப்புக்கு வேலை தொடங்கும் முன்பே பணம் கேட்டால் கொடுக்கலாமா?
– வாசகி, மீனாட்சிபுரம்

கொடுத்து நன்றாக நடந்த ஊர் உண்டு. சென்னைப் பக்கத்து ஆலந்தூரில் வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்கூட்டியே வசூலித்தார்கள். அதோடு கடனும் மானியமும் சேர்த்துத் திட்டத்தை முடித்தார்கள். சுத்திகரிப்பு நிலையத்தைத் தனியார் கட்டி நடத்தும் ஏற்பாடு. பணம் தனிக் கணக்கில் போகிறதா, ரசீதில் இணைப்பு எண் இருக்கிறதா, மாதக் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே சொல்கிறார்களா, இந்த மூன்றையும் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

வீட்டு வரி ஏறிக்கொண்டே போகிறதே?
– வாசகர், பொள்ளாச்சி

உங்கள் பக்கம் 2008-க்குப் பிறகு 2018-ல் ஏற்றி, அடுத்த வருடம் நிறுத்திவைத்து, 2022-ல் வீடுகளுக்கு 25 முதல் 100 விழுக்காடு வரை ஒரேயடியாக ஏற்றினார்கள். குறைந்தபட்ச வரி விகிதத்தை அறிவிக்காவிட்டால் உள்ளாட்சிகளுக்கு மத்திய மானியம் கிடையாது என்று 15-ஆவது மத்திய நிதிக் குழு சொன்னதும் ஒரு காரணம். கேரளத்தில் 2023 முதல் வருடம் 5 விழுக்காடு. வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவதே மேல்; வலிக்கும், விழ வைக்காது.

தார் போட்ட மூணாம் மாசமே தோண்டுகிறார்களே!
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

ரோடு ஒரு துறை, குழாய் இன்னொரு துறை. பொதுப்பணித் துறை ரோடென்றால் ஓரத்தில் பலகை இருக்கும்: ஒப்பந்ததாரர் பெயர், எந்தத் தேதி வரை பழுது அவர் பொறுப்பு என்று. போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குள் குழி விழுந்தால் அவர் செலவில்தான் சரி செய்ய வேண்டும். ஆனால் குழாய்க்காரர் தோண்டிவிட்டால் ‘நான் போட்ட ரோடு இல்லை இது’ என்று நழுவுவார். அப்போது, ரோடு வெட்ட அனுமதி கொடுத்தபோது மீண்டும் போடுவதற்கான பணம் கட்டப்பட்டதா, எவ்வளவு என்று ஆர்.டி.ஐ.யில் கேளுங்கள். பணம் கட்டியிருந்தும் பள்ளம் அப்படியே கிடந்தால், அந்த ரசீது எண்ணைப் போட்டுச் செயற்பொறியாளருக்கு மனு கொடுங்கள்.