உறவினர்கள் விசுவாசத்தைக் கேலி செய்யும்போது, தேவனை நம்பிச் சும்மா இருந்தால் போதுமா?

சும்மா இருப்பது என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். வேதாகமத்தில் நெகேமியா புத்தகத்தின் 4-ஆம் அதிகாரத்தைக் குடும்பமாக உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள்.

நெகேமியாவின் தலைமையில் யூதர்கள் எருசலேமின் இடிந்த மதிலைக் கட்ட ஆரம்பித்ததும் முதலில் வந்தது கேலிதான். ஒரு நரி ஏறினாலே இந்த மதில் இடிந்துபோகும் என்றான் எதிரிகளில் ஒருவனான தொபியா. நெகேமியா அவனோடு வாயாடவில்லை, ஜெபித்தார். (அந்த ஜெபம் ரொம்பக் காரமானது. கோபத்தை ஆட்களிடம் கொட்டாமல் தேவனிடம் கொட்டியிருக்கிறார்.) கேலி மிரட்டலானபோது, 9-ஆம் வசனத்தில் ஜெபமும் நடக்கிறது, இரவும் பகலும் காவலும் நிற்கிறது. ஜெபித்துவிட்டோமே, காவல் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

எனக்குப் பிடித்தது 13-ஆம் வசனம். மதிலின் பின்னால் பள்ளமான இடங்களில் ஜனங்களைக் குடும்பம் குடும்பமாக நிறுத்துகிறார். பக்கத்தில் நிற்பது நம் ஆள் என்றால் கால் அவ்வளவு சீக்கிரம் பின்வாங்காது. 3-ஆம் அதிகாரத்தில் சல்லூம் தன் மகள்களோடு சேர்ந்து வேலை பார்க்கிறார். அதனால் உறவினர்களின் கேலியைப் பிள்ளைகளிடம் மறைக்காமல், வயதுக்கேற்ற அளவில் சொல்லி, சேர்ந்து ஜெபியுங்கள்.

அப்புறம், 5-ஆம் அதிகாரத்தில் பிரச்சினை உள்ளேயே இருந்தது: சொந்த ஜனங்களிடமே வட்டி வாங்கினார்கள். சில எதிர்ப்பு நம் கடும்பேச்சுக்கும் வரும். அதற்கு மன்னிப்புக் கேட்டுவிட வேண்டியதுதான்.

மதில் 52 நாளில் முடிந்தது. உங்களுக்கு அப்படி நாள் குறித்துத் தர என்னால் முடியாது.