கிடந்த காரும் கசியும் பெட்ரோலும்

பல வருடம் ஓடாமல் நின்ற பழைய கார்களில் பெட்ரோல் ஒழுகுவது பற்றி வாசகர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி (காரைக்குடி வாசகர்): அப்பா வாங்கிய பிரீமியர் பத்மினி எட்டு வருடம் ஷெட்டில் கிடந்தது. போன வாரம் 20 லிட்டர் பெட்ரோல் போட்டோம். இரண்டு நாள் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் பானெட்டுக்குக் கீழேயும் பின்பக்கமும் சொட்டுகிறது. ஏன் உடனே ஒழுகவில்லை? எங்கிருந்து ஆரம்பிப்பது?

பதில்: டேங்கில் இருந்த பழைய பெட்ரோல் ஆவியாகிப் போனாலும் அதிலிருந்த பிசின் போகாது. குழாய்க்குள்ளும், இரண்டு பாகங்கள் சேரும் இடத்தில் கசியாமல் வைக்கும் கேஸ்கெட்டின் ஓரங்களிலும் படிந்து காய்ந்துவிடும். இதற்கிடையில் ரப்பர் விறைத்து வெடிக்கிறது, கார்க் கேஸ்கெட் வற்றிச் சுருங்குகிறது. அந்த இடுக்குகளை அடைத்துக்கொண்டிருந்ததே இந்தப் பிசின்தான். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பிசினை அது நன்றாகவே கரைக்கும், ஆனால் ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். அதனால்தான் மூன்றாம் நாள்.

முதலில் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீர்கள். பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். டேங்கில் உள்ளதை மூடி போட்ட தகர டின்களில் இறக்குங்கள். பிளாஸ்டிக் வாளி வேண்டவே வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். போர்டிகோவில் வைத்து வேலை பார்ப்பவர்கள் பக்கத்தில் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று பார்ப்பதே இல்லை. அதன் ரிலே போடும் ஒரு பொறி போதும். ஒயர் இழுத்த குண்டு பல்பும் கூடாது. எல்இடி டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள். 2 கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இனி தேடல். சொட்டு விழும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு. பெட்ரோல் குழாயைப் பிடித்துக்கொண்டே இறங்கி, தாழ்வான இடத்துக்கு வந்துதான் சொட்டும். எல்லா இணைப்புகளையும் துணியால் துடைத்துக் காயவிட்டு, சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். டேங்கில் 3 லிட்டர் மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். தூள் முதலில் எங்கே நனைகிறதோ அங்கிருந்து மேல்நோக்கிப் பாருங்கள். இஞ்சின் ஓடாமலேயே பின்பக்கம் நனைந்தால் டேங்க், அல்லது டேங்கிலிருந்து வரும் குழாய். முன்பக்கத்தைத் தனியாகச் சோதிக்க, பம்புக்கு வரும் ஹோஸைக் கழற்றி அதன் வாயை அடைத்துவிட்டு, பம்பில் அது இருந்த இடத்திலிருந்து ஒரு புது ஹோஸைத் தரையில் வைத்த 1 லிட்டர் பெட்ரோல் டின்னுக்குள் விடுங்கள். எங்கும் சொட்டு இல்லையென்று பார்த்தபின் பேட்டரியை மாட்டி, வெட்டவெளியில் ஒரு நிமிடம் ஓட்டினால் பம்பா, கார்புரேட்டரா என்று தெரிந்துவிடும்.

இரும்புக் குழாயில் கிளிப் பிடித்திருக்கும் இடங்களை விட்டுவிடாதீர்கள். மண்ணும் ஈரமும் கிளிப்புக்கு அடியில் தங்கி, வெளியே தெரியாமல் அரித்திருக்கும். கிளிப்பை நகர்த்தி நகத்தால் சுரண்டினாலே சில சமயம் ஓட்டை விழும்.

கேள்வி (சேலம் வாசகர்): ஒரு ஹோஸ்தான் வெடித்திருக்கிறது. அதை மட்டும் மாற்றினால் போதாதா? கடையில் உள்ளே தெரிகிற மாதிரி பிளாஸ்டிக் டியூப் கொடுக்கிறார்கள்.

பதில்: போதாது. மற்ற ஹோஸ்களுக்கும் அதே வயதுதான். மொத்தமாக மாற்றினாலும் இரண்டு மீட்டர்கூட ஆகாது. பிளாஸ்டிக் டியூப் இஞ்சின் சூட்டில் முதலில் இளகும், பிறகு விறைக்கும், கடைசியில் கிளிப்பிலிருந்து நழுவும். ஹோஸின் மேல் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். உள்பூச்சு எத்தனாலைத் தாங்கும் ரகம் அது. 8 மி.மீ. குழாய்க்கு 8 மி.மீ. உள்விட்டம், பெரியதை வாங்கி கிளிப்பால் நெரிக்காதீர்கள். குழாய்மேல் 25 மி.மீ. ஏற வேண்டும். பட்டையில் ஓட்டை போட்ட புழுத்திருகு கிளிப் ரப்பரை அறுத்துவிடும், ஓரம் மழுங்கிய சிறு கிளிப்தான் சரி. போட்டு ஒரு வாரம் கழித்து அரைத் திருகு இறுக்கிப் பார்க்கவும்.

ஆலிவ் (குழாய்மேல் நெரிந்து பிடிக்கும் சிறு வளையம்) போட்ட நட்டுகளுக்கும், முனை விரித்த குழாயைப் பிடிக்கும் ஃபிளேர் நட்டுகளுக்கும் டெஃப்லான் டேப் சுற்றுவது தண்ணீர்க் குழாய் வேலையிலிருந்து வந்த பழக்கம். இங்கே அடைப்பது நட்டின் மரை இல்லை, ஆலிவ் அல்லது குழாயின் விரிந்த முனை. டேப்பில் பிய்ந்த நூலிழை ஒன்று, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் துளையைத் திறந்து மூடும் நீடிலில் போய் உட்கார்ந்தால் அடுத்த ஒழுகல் அங்கேதான்.

கேள்வி (மதுரை வாசகர்): அம்பாஸிடரில் வெளியே ஒரு சொட்டு இல்லை. ஆனால் டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது. பெட்ரோல் வாடையும் வருகிறது.

பதில்: ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கிறது. இந்த நிலையில் இஞ்சினை ஸ்டார்ட் பண்ணவே கூடாது. நீர்த்துப்போன ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. இஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்புக்குள் சேரும் ஆவி பற்றிக்கொள்ளும் அபாயமும் உண்டு. பெரும்பாலும் காரணம் மெக்கானிக்கல் பம்புக்குள் அசைந்து பெட்ரோலை இழுக்கும் சவ்வான டயாப்ரம் கிழிந்திருப்பது. கிழிசல் வழியாக வரும் பெட்ரோல் பம்பின் லீவர் பக்கமாக இஞ்சினுக்குள்ளேயே இறங்கிவிடும்.

பம்பைக் கழற்றுங்கள். பிரிப்பதற்கு முன் மேல் பாதிக்கும் கீழ்ப் பாதிக்கும் குறுக்கே அரத்தால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இன்லெட் எந்தப் பக்கம் என்று திண்டாட வேண்டும். ரிப்பேர் கிட்டில் டயாப்ரம், இரண்டு வால்வு, கேஸ்கெட் இருக்கும். பழைய சரக்கு கிட் வேண்டாம். அலமாரியில் இருபது வருடம் இருந்த டயாப்ரமும் கிடந்த டயாப்ரம்தான். திருகுகளை விரலால் மட்டும் போட்டு, லீவரை முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு எதிரெதிராக இறுக்கவும். லீவரை விட்டுவிட்டு இறுக்கினால் டயாப்ரத்துக்குத் தளர்ச்சி இருக்காது. முழு வீச்சில் இழுபட்டு ஓரத்தில் மறுபடி கிழியும். சம்ப்பை வடித்து, ஃபில்டரையும் மாற்றி, சுமார் 4 லிட்டர் புது ஆயில் ஊற்றவும்.

கேள்வி (திருச்சி வாசகர்): சோலெக்ஸ் கார்புரேட்டரை இரண்டு தடவை கழற்றிச் சுத்தம் செய்தாச்சு. இன்னும் பொங்கி வழிகிறது.

பதில்: சுத்தம் செய்ததைத் தவிர வேறு எதைப் பார்த்தீர்கள்? மேல்மூடியைக் கழற்றித் தலைகீழாகப் பிடியுங்கள், நீடில் தன் கனத்தில் உட்காரும். பெட்ரோல் வரும் துளையில் சுத்தமான ஒரு துண்டு ஹோஸ் மாட்டி வாயால் மெல்ல ஊதுங்கள். காற்று போனால் நீடிலும் அது உட்காரும் சீட்டும் தேய்ந்திருக்கின்றன. இரண்டையும் ஜோடியாக மாற்றவும்.

சீட்டுக்கு அடியில் ஒரு வாஷர் உண்டு. கழற்றும்போது கீழே விழுந்து காணாமல் போகிற சாமான் இது. அது இல்லாவிட்டால் நீடில் எவ்வளவு நன்றாக மூடினாலும் மரை வழியாக ஒழுகும். பெட்ரோல் மட்டத்தை நிர்ணயிப்பதும் இந்த வாஷரின் கனம்தான். கனம் கூடினால் நீடில் சீக்கிரம் மூடி மட்டம் இறங்கும், குறைந்தால் மட்டம் ஏறும். பழையதை அளந்து அதே கனத்தில் போடுங்கள்.

அடுத்து ஃப்ளோட், பெட்ரோலில் மிதந்து நீடிலை மூடும் மிதவை. பித்தளை ஃப்ளோட் ஓட்டையாகியிருந்தால், காதருகே குலுக்கும்போது உள்ளே பெட்ரோல் சலசலக்கும். கை பொறுக்காத வெந்நீரில் முக்கினால் ஓட்டையிலிருந்து குமிழி வரும். உள்ளே இருப்பது முழுக்க வெளியேறிக் காய்ந்த பிறகே ஈயம் வைக்க வேண்டும். பொட்டளவு போதும். ஈயம் கூடினால் ஃப்ளோட் கனத்து மூழ்கும், மட்டம் ஏறும், மறுபடி பொங்கும்.

இத்தனையும் சரியாக இருந்தால் பம்பைச் சந்தேகியுங்கள். இந்தக் கார்புரேட்டர்களுக்கு 2 பிஎஸ்ஐ அக்கம்பக்கம் அழுத்தம் போதும். யாராவது எலக்ட்ரிக் பம்ப் மாட்டியிருந்து அது 5 பிஎஸ்ஐ தள்ளினால் எந்த நீடிலும் தாங்காது.

கேள்வி (வேலூர் வாசகர்): டேங்க் அடியில் ஊசி ஓட்டை. வெல்டிங் வைக்கலாமா? எம்-சீல் போதுமா?

பதில்: வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டுமென்றால் பார் சோப்பை ஓட்டையில் அழுத்தித் தேயுங்கள், பெட்ரோல் சோப்பைக் கரைக்காது. எம்-சீலும் தற்காலிகம்தான், அதுவும் டேங்கை வடித்து, துரு சுரண்டி, காய்ந்த தகரத்தில் வைத்தால்தான் பிடிக்கும்.

கேஸ் வெல்டிங்கை மறந்துவிடுங்கள். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் வெடிக்கும், ஏனென்றால் உள்ளே இருப்பது ஆவியும் காற்றும். பழக்கமுள்ள ரேடியேட்டர் கடையில் கொடுங்கள். சோப்புத்தூள் கரைத்த வெந்நீரால் பலமுறை அலசி, வேலை செய்யும் இடம் தவிர மீதியைத் தண்ணீரால் நிரப்பி, தகரத் துண்டு வைத்து ஈயம் பிடிப்பார்கள். கொடுப்பதற்கு முன் அடிப்பாகம் முழுவதையும் மழுங்கிய ஸ்குரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். துரு உள்ளிருந்து வருவது, டேங்க் அடியில் தேங்கிய தண்ணீரால். நாலைந்து இடத்தில் அமுங்கினால் ஒட்டுப் போடுவது வீண். அடித்தகடு முழுதும் மாற்ற வேண்டும்.

கேள்வி (சென்னை வாசகி): ஸ்டாண்டர்டு ஹெரால்டில் டேங்க் நிரப்பினால் மட்டும் டிக்கியில் பெட்ரோல் வாடை. பாதியாக இருந்தால் இல்லை.

பதில்: பாதிக்கு மேல் உள்ள ஏதோ ஒன்று. டேங்கில் பெட்ரோல் அளவைக் காட்டும் கேஜ் யூனிட்டின் கேஸ்கெட்டையும், மூடிக் கழுத்தில் ரப்பர் இணைப்பு இருந்தால் அதையும் பாருங்கள்.

கேள்வி (கோவை வாசகர்): கேஸ்கெட்டுக்கு ஷெல்லாக் தடவலாமா, சிலிகான் பேஸ்ட்டா?

பதில்: இரண்டும் வேண்டாம். ஷெல்லாக் ஸ்பிரிட்டில் கரையும் சரக்கு, எத்தனால் கலந்த பெட்ரோலில் அதை நம்ப முடியாது. சாதாரண சிலிகான் பெட்ரோல் பட்டு ஊதிப் பிய்ந்து, துணுக்குகள் ஜெட்டை அடைக்கும். கண்ணாடிப் பலகையில் 400 நம்பர் எமரித் தாளை விரித்து கேஸ்கெட் உட்காரும் ஃபிளாஞ்சைத் தேய்த்துச் சமமாக்கி, எதுவும் தடவாமல் புதுக் கேஸ்கெட்டைப் போடுங்கள்.