சாரல் அடிக்கும் ஊரில் ஐந்து சென்ட் வீடு: மேற்குச் சுவரிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: செங்கோட்டையிலிருந்து புளியரை போகும் வழியில் ஐந்து சென்ட் மனை வாங்கியிருக்கிறோம். கிழக்கே ரோடு. அகலம் 33 அடி, நீளம் 66 அடி. ஆயிரம் சதுர அடியில் நாங்களே ஆள் வைத்துக் கட்டப்போகிறோம். கேரளா பக்கம் இருப்பதுபோல் ஓட்டு வீடு வேண்டும் என்று ஆசை. காங்கிரீட்டைச் சாய்வாகப் போட்டு மேலே ஓடு ஒட்டிவிடலாம் என்கிறார் கொத்தனார். அம்மாவுக்கு மூட்டுவலி, எங்களோடுதான் இருப்பார். பிற்பாடு மாடியும் எடுக்க வேண்டும். நாங்களே வரைந்த படத்தை அனுப்பியிருக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பெட்ரூம் எத்தனை, பூஜையறை எங்கே என்பதையெல்லாம் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் மேற்குச் சுவருக்கு ஒரு முடிவு சொல்லுங்கள். உங்கள் மனை கிட்டத்தட்ட ஆரியங்காவு கணவாயின் வாயிலில் இருக்கிறது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அந்த இடுக்கு வழியாகக் காற்றும் சாரலும் சேர்ந்து வரும். நேராகப் பெய்கிற மழைக்கு இரண்டடி சன்ஷேடு போதும். சாரலோ காற்றோடு சாய்ந்து வந்து சுவரில் அடிக்கும். நீங்கள் வரைந்த படத்தில் இரண்டு பெட்ரூமுக்கும் ஐந்தடி ஜன்னல் மேற்கே பார்த்து இருக்கிறது. சீசன் முழுக்க அதைத் திறக்க முடியாது. சீசன் முடிந்தால் சாயங்கால வெயில் அதே ஜன்னல் வழியாக வரும்.

அதனால் மேற்கே வீட்டின் முழு அகலத்துக்கும் ஆறடியில் ஒரு தாழ்வாரம் இழுங்கள். பெட்ரூம் சுவர் நனையாது. துணி துவைக்க, பாத்திரம் கழுவ, கிரைண்டர் போட அங்கேயே இடம் கிடைக்கும். சாரல் காலத்தில் துணி காய்வது எவ்வளவு பெரிய பாடு என்று உங்களுக்கே தெரியும். பெட்ரூம்களின் பெரிய ஜன்னலை வடக்கிலும் தெற்கிலும் வைத்துவிட்டு, மேற்கே சின்னதாக ஒன்று போதும். சமையலறை தென்கிழக்கு மூலையில் வரட்டும். வாஸ்து பார்க்கிறவர்களுக்கும் அது சம்மதம், எனக்கும் சம்மதம். சீசன் காற்று மேற்கிலிருந்து கிழக்கே போவதால் தாளிக்கிற புகை வீட்டுக்குள் சுற்றாமல் வெளியே போய்விடும். வாசல் கதவையும் பின்கதவையும் நேர்க்கோட்டில் வைக்க வேண்டாம், அந்தக் காற்றில் கதவு அறைந்துகொண்டே இருக்கும்.

இனி ஓடு. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர்தான். ஆகவே ஓட்டு வீட்டு ஆசை உங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஆனால் சாய்வான காங்கிரீட்டின் மேல் ஓடு ஒட்டுவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஓட்டின் இணைப்பு வழியாக இறங்குகிற தண்ணீர் காங்கிரீட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே தங்கிவிடும். ஒழுகினால் எந்த இடம் என்று கண்டுபிடிப்பதே கஷ்டம். மாடி எடுக்கப்போவதால் அதை உடைக்கவும் வேண்டியிருக்கும். நடு வீட்டுக்குத் தட்டையான காங்கிரீட், கிழக்குத் திண்ணைக்கும் மேற்குத் தாழ்வாரத்துக்கும் மட்டும் ஓடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டிலிருந்து பார்த்தால் ஓட்டு வீடாகத் தெரியும், சுவர்களும் நனையாது.

இதில் எல்லோரும் கோட்டை விடுகிற கணக்கு ஒன்று உண்டு. மங்களூர் ஓட்டுக்குச் சாய்வு 30 டிகிரியாவது வேண்டும். அதற்குக் குறைந்தால் காற்று தண்ணீரை ஓட்டுக்கு அடியில் ஏற்றிவிடும். 30 டிகிரி என்றால் ஆறடி அகலத்துக்கு மூன்றரை அடி இறக்கம். பத்தடி உயரத்தில் சுவரோடு சேர்த்துத் தொடங்கினால் தூணுக்கு வரும்போது ஆறரை அடிதான் இருக்கும். அதற்கு வெளியே இறவானம் (கூரையின் வெளி ஓரம்) ஒன்றரை அடி நீட்டினால் இன்னும் பத்து அங்குலம் போய், ஆறடிக்கும் குறைந்துவிடும். பழைய ஓட்டு வீடுகளில் குனிந்து நுழைவது இதனால்தான். உங்கள் வீட்டில் ஓட்டை ரூஃப் மட்டத்துக்கு மேலே, கைப்பிடிச் சுவரில் பன்னிரண்டடி உயரத்தில் தொடங்கச் சொல்லுங்கள். சுவரும் ஓடும் சேருகிற இடத்தில் தண்ணீர் இறங்காமல் தகடு மடித்து வைக்க வேண்டும். மேற்கே ஓரத்து இரண்டு வரிசை ஓட்டைக் கம்பியால் கட்டவும் சொல்லுங்கள்.

ஜன்னலுக்கு அடியில் போடுகிற கிரானைட் பலகை சுவரைத் தாண்டி ஓர் அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு, வெளிப்பக்கமாகச் சற்றே சாய்ந்து இருக்க வேண்டும். அதன் அடியில் விளிம்பையொட்டி ஒரு சின்னக் காடி (நீளவாக்கில் பள்ளம்) வெட்டச் சொல்லுங்கள். சன்ஷேடுக்கு அடியிலும் பூசும்போதே அதே காடி. தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், சுவருக்கு ஓடி வராது. பத்து நிமிஷ வேலைதான், ஆனால் நீங்கள் பக்கத்தில் நின்று கேட்டால்தான் நடக்கும்.

படிக்கட்டுக்கு ஆறுக்கு எட்டடி ஒதுக்கியிருக்கிறீர்கள். அதற்குள் வராது. தளத்துக்குத் தளம் பத்தரை அடி என்றால் ஏழு அங்குல உயரத்தில் 18 படி. மிதிக்கிற அகலம் பத்து அங்குலம் வைத்து நடுவில் திரும்பினால், கீழே நிற்கிற இடத்தோடு ஏழுக்குப் பதின்மூன்று அடி வேண்டும். வடக்குப் பக்கம் வீட்டுக்குள்ளேயே கொடுங்கள். மேற்கே வெளியில் போட்டால் நாலு மாதம் பாசி பிடித்து வழுக்கும்.

அம்மாவின் அறையிலேயே பாத்ரூம் வரட்டும். வழக்கமான இரண்டரை அடிக் கதவு வேண்டாம், மூன்றடி வையுங்கள், பிற்காலத்தில் சக்கர நாற்காலி வந்தாலும் நுழையும். வாசற்படி, தடுப்பு எதுவும் வேண்டாம், உள்தளம் அரை அங்குலம் தாழ்ந்திருந்தால் போதும். கைப்பிடிக் கம்பி போட இப்போதே சுவரில் இடம் குறித்து வையுங்கள்.

முன்பக்கம் பூசாத வெட்டுக்கல் (செம்புரைக்கல்) வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். கிழக்குத் திண்ணைக்குத் தாராளமாக வைக்கலாம். மேற்கே வேண்டாம், தண்ணீரை உறிஞ்சும் கல் அது.

வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவதை ஜனவரியில் வையுங்கள். மே கடைசிக்குள் ரூஃபும் மேற்குச் சுவரின் வெளிப்பூச்சும் முடிந்துவிட வேண்டும். பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமெண்டில் போட்ட ரூஃபுக்குப் பத்து நாளாவது தண்ணீர் கட்டுங்கள். சாரல் தூறுகிறதே என்று நிறுத்திவிடாதீர்கள், அந்தக் காற்று காங்கிரீட்டைச் சீக்கிரம் உலர்த்திவிடும்.

அனுமதி விஷயத்தில் பெரிய அலைச்சல் இருக்காது. 2500 சதுர அடி வரையுள்ள மனையில் 3500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு 2024 முதல் சுயசான்று முறை இருக்கிறது. உங்கள் மனை 2178 சதுர அடி, அதற்குள் வந்துவிடும். மழைநீர் சேகரிப்பு அமைப்பைப் படத்திலேயே காட்டிவிடுங்கள், அது கட்டாயம். கொத்தனாரிடம் சதுர அடி ரேட் பேசும்போது, தாழ்வாரத்தை முழு ரேட்டில் கணக்கிடுவாரா பாதியிலா, செப்டிக் டேங்க், சம்ப், சுற்றுச்சுவர் இவையெல்லாம் அதில் அடக்கமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் அட்வான்ஸ் கொடுங்கள்.