உப்புவெளிய 'அப்புவெலி' எண்டு வாசிக்கிற கொம்பியூட்டர்

கேள்வி: என்ட தம்பிக்குக் கண்பார்வை இல்ல, என்விடிஏ (கொம்பியூட்டர் திரையில உள்ளத வாசிச்சுச் சொல்ற மென்பொருள், NVDA) போட்டுத்தான் ஏ.எல். படிக்கிறார். அதில வாற இங்லிஷ் குரல் எங்கட திருகோணமலைப் பக்கத்து ஊர்ப் பேருகளப் பிழையா வாசிக்குது, உப்புவெளிய 'அப்புவெலி' எண்டு வாசிக்குது, கிண்ணியா, மூதூர் ஒண்டுமே விளங்குதில்லையாம். நாங்க கதைக்கிற மாதிரி இலங்கை இங்லிஷ் குரல் ஒண்டு போடலாமா? (நிலாவெளி அக்கா ஒருத்தர்)

அக்கா, தம்பி பாவிக்கிறது அனேகமா என்விடிஏயோட சேந்தே வாற ஈஸ்பீக் என்ஜி (eSpeak NG) எண்ட குரல் மென்பொருள்தான். அது ஆரோ பேசினதப் பதிஞ்சு வச்சு வெட்டி ஒட்டுறது இல்ல, எழுத்த விதிப்படி ஓசையா மாத்தி அந்த ஓசையக் கணக்குப் போட்டு உண்டாக்குது, அதாலதான் தகரத்துக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரிக் கேக்கும், ஆனா நல்ல வேகமா ஓட விட்டாலும் சொல் விளங்கும், பழகின ஆக்கள் அத விட மாட்டாங்க. உப்புவெளியில பிழை விட்டதும் அந்த விதிதான். யூவுக்குப் பின்னால ரெண்டு பீ வந்தா 'அப்பர்', 'சப்பர்' போல அகரமா எடுக்கும். இங்லிஷுக்கு அது சரி, எங்கட ஊர்ப் பேருக்குத்தான் சரிவராது.

இதில ஒரு வேடிக்கை இருக்கு. ஈஸ்பீக்ல ஸ்கொட்லாந்து, லங்காஸ்டர், வெஸ்ட் மிட்லண்ட்ஸ், கரீபியன் எண்டு வட்டாரக் குரலெல்லாம் இருக்கு, எங்கடதுதான் இல்ல. வட இங்கிலாந்துக்காரர் அந்த அகரத்த உகரமாத்தான் சொல்லுவாங்க, அதால லங்காஸ்டர் குரலப் போட்டா உப்புவெளி கொஞ்சம் கிட்ட வரும், ஆனா கூடவே பஸ் 'புஸ்' ஆகும், கப் 'குப்' ஆகும். ஸ்கொட்லாந்துக்காரர் எங்கள மாதிரியே 'கேக்', 'போட்' எண்டு நேரா நீட்டுவாங்க, ஆனா 'கார்' எண்டா கடைசி ஆர் (r) எழுத்தையும் விடாம உருட்டுவாங்க. ஊர்ப் பேர் நாலுக்காக முழு இங்லிஷையும் மாத்திறது நட்டம், நான் சொல்ல மாட்டன்.

பேருக்கு வழி, ஒரு சொல்ல எப்பிடி வாசிக்கோணும் எண்டு நாங்களே எழுதி வைக்கிற ஸ்பீச் டிக்‌ஷனரி. என்விடிஏ கீயையும் (வழமையா இன்சேர்ட்) என் (N) எழுத்தையும் சேத்து அமத்தினா மெனு வரும், அதில ப்ரிஃபரன்ஸஸ், ஸ்பீச் டிக்‌ஷனரிஸ், டிஃபோல்ட். ஒரு பெட்டியில உப்புவெளிய வழமையான இங்லிஷ் ஸ்பெலிங்ல, மற்றதில யூவுக்குப் பதிலா ரெண்டு ஓ போட்டு எழுதுங்க, தம்பியப் பக்கத்தில வச்சு அவருக்குச் சரியாக் கேக்கும் வரைக்கும் எழுத்த மாத்திப் பாருங்க. வகையில ஹோல் வேர்ட் எண்டத எடுங்க, இல்லாட்டி வேற சொல்லுக்குள்ள போய்க் குழப்பும். மாறுறது காதுக்குக் கேக்கிறது மட்டும்தான், ஃபைல்ல ஸ்பெலிங் அப்பிடியே இருக்கும், சோதனைக்குப் படிக்கிற பிள்ளைக்கு அது முக்கியம்.

இலங்கை இங்லிஷையே செய்யத்தான் வேணும் எண்டா அதுவும் ஏலும். ஈஸ்பீக் ஓப்பன் சோர்ஸ், அதாவது அதின்ட உள்ளுக்க உள்ளத ஆரும் எடுத்து மாத்தலாம், ஒரு வட்டாரக் குரல் எண்டது சின்ன டெக்ஸ்ட் ஃபைல்தான், இந்த ஓசைக்குப் பதில் அந்த ஓசை எண்டு அதில வரி வரியா எழுதலாம், தனிச் சொல்லுகள அகராதி ஃபைல்ல சேத்துக் கம்பைல் பண்ணலாம், அதாவது ஈஸ்பீக் எடுக்கிற வடிவத்துக்கு மாத்தலாம். பிரிட்டிஷ் குரல அடியா வச்சா அந்த ஆர் (r) எழுத்துப் பிரச்சினை பெரிசா வராது. ஆனா நாங்க வீயையும் டபிள்யூவையும் ஒண்டாச் சொல்றதையும் அதில போட வேண்டாம், 'வைன்' எண்டு கேட்டா குடிக்கிறதா கொடியா எண்டு கண்ணால பாக்க ஏலாத பிள்ளை எப்பிடிப் பிரிக்கிறது?

டிக்‌ஷனரிய முடிச்சாப் பிறகு என்விடிஏ செட்டிங்ஸ் ஃபோல்டர்ல ஸ்பீச்டிக்ட்ஸ் எண்டதுக்குள்ள டிஃபோல்ட் எண்டொரு ஃபைல் இருக்கும், அத ஒரு பென்ட்ரைவ்ல எடுத்து வையுங்க, தம்பியோட படிக்கிற மற்றப் பிள்ளையளுக்கும் அதையே கொப்பி பண்ணிக் குடுக்கலாம்.