உறைபனியில் ஃப்ளை ஆஷ் கான்கிரீட்: கேள்வி பதில்

கேள்வி: சிமெண்டின் ஒரு பகுதிக்குப் பதிலாக ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்து கிடைக்கும் நுண்சாம்பல்) சேர்த்த கான்கிரீட், தண்ணீர் உறைந்து உருகும் குளிர்ப் பிரதேசங்களில் விரைவில் சிதைந்துவிடும் என்கிறார்களே, உண்மையா ஐயா?

பதில்: பழியைச் சாம்பலின் மேல் போடுவது சரியல்ல. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருகுகிறது. நுண்துளைகள் நீரால் நிறைந்திருந்தால் அப்போது எழும் அழுத்தம் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. அந்த அழுத்தம் தணிவதற்காகவே, காற்றுக்குமிழ்களை உண்டாக்கும் ரசாயனத்தைக் கலவையில் சேர்க்கிறோம். குமிழ்களின் மொத்த அளவைவிட அவற்றுக்கு இடையேயுள்ள தூரம் முக்கியமானது. இடைவெளிக் காரணி, அதாவது சிமெண்டுக் குழம்பின் எந்தப் புள்ளியிலிருந்தும் அருகிலுள்ள குமிழுக்கு உள்ள உச்சத் தூரம், 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். இது அமைந்து, போதிய வலிமையும் ஏறிவிட்டால், ஃப்ளை ஆஷ் கலந்த கான்கிரீட்டும் சாதாரணக் கான்கிரீட்டைப் போலவே உறைபனியைத் தாங்கும். 4 டிகிரிக்கும் மைனஸ் 18 டிகிரி செல்சியஸுக்கும் இடையே 300 சுற்றுகள் வரை உறையவைத்து உருக்கும் ஏஎஸ்டிஎம் சி666 என்ற அமெரிக்கத் தரச் சோதனையில், சரியாகத் தயாரித்த ஃப்ளை ஆஷ் மாதிரிகள் நன்றாகவே தேறுகின்றன.

கேள்வி: எங்கள் கலவையில் ரசாயனத்தின் அளவை மாற்றவே இல்லை. ஆனாலும் காற்றின் அளவு ஒரு லோடில் 6 சதவீதமும் அடுத்த லோடில் 3 சதவீதமுமாக வருகிறது. ஏன்?

பதில்: சாம்பலில் எரியாமல் எஞ்சிய கரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அக்கரி, குமிழ்களை உண்டாக்க வேண்டிய ரசாயனத்தைத் தன் மேற்பரப்பில் பிடித்து வைத்துக்கொள்கிறது. சாம்பலுக்கான தரவிதியான ஏஎஸ்டிஎம் சி618, எரிப்பு இழப்புக்கு (சாம்பலைச் சூடேற்றி எரிக்கும்போது குறையும் எடை; கரியின் அளவைக் காட்டுவது) 6 சதவீதம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஆனால் வரம்புக்குள் இருப்பதைவிட, ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் இருப்பதுதான் களத்தில் உதவும். கரியின் தன்மையும் மாறுபடும் என்பதால் எரிப்பு இழப்பை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு பாட்டிலில் சிறிதளவு சிமெண்ட், சாம்பல், தண்ணீர் ஆகியவற்றைப் போட்டு, நீர்த்த ரசாயனத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கிப் பாருங்கள். நுரை உடையாமல் மேற்பரப்பு முழுவதும் நிலைத்து நிற்க எத்தனை சொட்டு தேவைப்பட்டது என்பதே நுரைக் குறியீடு. புதிதாக வந்த சாம்பலுக்கு இந்த எண்ணிக்கை திடீரென்று கூடினால், கலவையைத் தொடங்கும் முன்பே அளவைத் திருத்திக்கொள்ளலாம். கொட்டும் இடத்திலும் காற்றை அளந்து பார்ப்பது அவசியம்.

கேள்வி: குளிர்காலம் நெருங்கும்போது ஃப்ளை ஆஷ் கான்கிரீட் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் அவகாசம் தேவை. சாம்பலின் வினை மெதுவானது. குளிரில் இன்னும் மந்தமாகும். முதல் உறைதலைத் தாங்கவே ஏறத்தாழ 3.5 மெகாபாஸ்கல் வலிமை வேண்டும். ஈரத்தில் திரும்பத் திரும்ப உறைவதைத் தாங்க ஏறத்தாழ 28 மெகாபாஸ்கல் வேண்டும். ஆகவே நாட்கணக்கை நம்பாமல், களத்திலேயே வைத்துப் பதப்படுத்திய மாதிரிகளை உடைத்துப் பார்த்த பிறகே குளிர் தாக்காமல் போர்த்திய மூடாக்கை எடுங்கள்.

கேள்வி: பனியை உருக்க உப்பு தூவும் நடைபாதையில் மேற்பரப்பு செதில் செதிலாக உரிகிறது. இதற்கும் சாம்பல் காரணமில்லையா?

பதில்: இங்கே எச்சரிக்கை நியாயமானதே. உப்புச் செதிலுரிதல் உள்விரிசலிலிருந்து வேறுபட்ட சிதைவு. சாம்பலின் அளவு கூடக்கூட, குறிப்பாகக் கையால் தேய்த்து முடித்த தளங்களில், இந்த அபாயமும் கூடுகிறது. அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் விதித்தொகுப்பான ஏசிஐ 318 இத்தகைய இடங்களில் ஃப்ளை ஆஷை மொத்தச் சிமெண்டுப் பொருட்களின் எடையில் 25 சதவீதத்துக்குள் நிறுத்துகிறது. நீர்-சிமெண்டு விகிதமும் 0.40-ஐத் தாண்டக் கூடாது. என் பார்வையில் பாதிக் கேடு தேய்ப்பில்தான் நேர்கிறது: இக்கலவை இறுக நேரமெடுப்பதால் நீர் கசிவதும் நீடிக்கும், அது அடங்கும் முன் கரணையை வைத்து மினுக்கினால், மேலே நின்ற நீர் உள்ளே அமுங்கி, வலுவற்ற மெல்லிய தோல் ஒன்று உருவாகிவிடும். முதல் செதில் உரிவது அங்கேதான்.

கேள்வி: காற்றும் வலிமையும் சரியாக இருந்தும் மூட்டுகளின் ஓரத்தில் விரிசல் வருகிறதே?

பதில்: ஜல்லியைச் சோதியுங்கள். நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் சிலவகைச் சுண்ணாம்புக்கல் ஜல்லி, தானே உறைந்து வெடிக்கும். சாம்பலோ காற்றுக்குமிழோ அதைத் தடுக்காது. ஜல்லியை மாற்ற வேண்டும், அல்லது அதன் உச்ச அளவைக் குறைக்க வேண்டும்.