உடலும் இல்லை, தடயமும் இல்லை!

கேள்வி: வீட்டு உப்புநீர்த் தொட்டியில் சின்ன மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. முதலில் ஃபயர்ஃபிஷ், அப்புறம் கோபி, போன வாரம் ஒரு இறால். உடல் எங்குமே இல்லை, அம்மோனியாவும் பூஜ்யம். கோமாளி மீன் ஜோடிக்கு ஒன்றும் ஆகவில்லை. ராத்திரியில் பாறைப் பக்கம் ‘டக்’ என்று சத்தம் வேறு. தொட்டிக்கு மூடி கிடையாது. லைவ் ராக் (பாக்டீரியாவும் சின்ன உயிர்களும் குடியிருக்கும் கடல் பாறை) எல்லாவற்றையும் எடுத்துக் காயப்போட்டுவிடலாமா?

பதில்: தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அந்தப் பாறையில் இருக்கும் பாக்டீரியாதான் கழிவை உடைத்துத் தண்ணீரைக் காப்பாற்றுகிறது. அதைக் காயவைத்தால் மிச்சமிருக்கும் கோமாளி மீன்களும் போய்விடும்.

எனக்கு முதல் சந்தேகம் மூடி இல்லாததில்தான். ஃபயர்ஃபிஷ் கொஞ்சம் மிரண்டாலே துள்ளி வெளியே விழும், கோபியும் அப்படித்தான். தொட்டிக்குப் பின்னால், ஸ்டாண்டுக்கு அடியில், சுவரோரம் எல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்து சுருண்டு குச்சி மாதிரி கிடக்கும், மீன் என்றே தோன்றாது. தண்ணீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியையும், அது போய்ச் சேரும் கீழ்த் தொட்டியான சம்ப்பையும் திறந்து பாருங்கள், சில சமயம் உயிரோடே அங்கே நீந்திக்கொண்டிருக்கும்.

வெளியே கிடைக்கவில்லையா? அப்போதும் கொலை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நோயில் செத்த சின்ன மீனைத் துறவி நண்டு, நசாரியஸ் நத்தை, பிரிஸில் புழு எல்லாம் சேர்ந்து ஒரே ராத்திரியில் தீர்த்துவிடும். அம்மோனியா ஏறாததும் அதனால்தான், அழுகுவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. நள்ளிரவில் செத்த மீன்மேல் பிரிஸில் புழுவைப் பார்த்துவிட்டு அதைக் கொலைகாரன் என்று பிடித்துப் போடுகிறவர்கள் நிறையப் பேர். பாவம், அது பெரும்பாலும் துப்புரவு வேலைதான் பார்க்கிறது. உங்கள் இறாலும் ஓடு கழற்றிவிட்டு, புது ஓடு இறுகும்வரை எங்காவது பதுங்கியிருக்கலாம்.

சரி, அந்த ‘டக்’ சத்தம். கொடுக்கைச் சொடுக்கிச் சத்தம் எழுப்பும் பிஸ்டல் இறால் என்றால் கவலை இல்லை, மீன்களை அது பெரும்பாலும் தொந்தரவு செய்யாது. இரையை அடித்துக் கொல்லும் மான்டிஸ் இறால் என்றால்தான் விஷயம் வேறு. விளக்கு அணைத்து ஓரிரு மணி நேரம் கழித்து, டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். காம்பு மேல் நின்று தனித்தனியாகச் சுழலும் இரண்டு கண்கள் ஒரு பொந்திலிருந்து எட்டிப் பார்த்தாலோ, பொந்து வாசலில் நொறுங்கிய நத்தை ஓடுகள் குவிந்திருந்தாலோ ஆள் அதுதான். மயிர் அடர்ந்த, கொடுக்கு நுனி கறுத்த நண்டு தெரிந்தால் அதையும் சந்தேகப்படுங்கள். பாறையோடு ஒட்டி வருகிற இந்த மாதிரி விருந்தாளிகள் லேசுப்பட்டவை அல்ல. 2009-ல் இங்கிலாந்தின் நியூகீ ஊரில் ஒரு மீன் காட்சியகத்தில் பவளங்கள் துண்டாகிக்கொண்டே இருக்க, தொட்டியைப் பிரித்துப் பார்த்தபோது சுமார் 4 அடி நீளத்தில் ஒரு பாபிட் புழு (பதுங்கியிருந்து தாடையால் இரையைக் கவ்வும் கடல் புழு) கிடைத்தது.

பொந்து தெரிந்துவிட்டால் அந்த ஒரு பாறையை மட்டும் வாளிக்கு மேல் பிடித்து, பொந்துக்குள் சோடாத் தண்ணீரைப் பீய்ச்சுங்கள், உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். கையை மட்டும் விடாதீர்கள், மான்டிஸ் அடித்தால் விரல் கிழியும். நண்டுக்கு, கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகிய பாட்டிலில் ஒரு துண்டு இறால் இறைச்சி வைத்து ராத்திரி பாறையோரம் படுக்கவைத்தால் போதும். தாமிர மருந்து ஊற்றச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இறாலும் நத்தையும் செத்துப்போகும், பாறையும் தாமிரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

இன்றைக்கே கால் அங்குலக் கண்ணுள்ள வலையை மேலே போட்டுவிடுங்கள். காரணம் தெரியும்வரை புதிதாக ஒரு மீன்கூட வாங்க வேண்டாம்.